மட்டாஞ்சேரியில் ஒரு ‘மா’

தமிழ் நெடுங்கணக்கில் ‘மா’ ஓர் எழுத்து. தமிழ் அகராதியில் அதுவே ஒரு சொல். ஓர் எழுத்தே சொல்லாக நிற்பதை ஓரெழுத்தொருமொழி என்று நம் இலக்கண நூலார் வழங்கினர். ஆ, ஈ, கை, தீ, பூ, வை என நாள்தோறும் நாம் ஆளும் சொற்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலில் இவற்றை எண்ணி, சிறப்புடையன 42 என்றார். அவற்றுள் 40 நெடில். நொ, து என்னும் இரண்டே குறில். மகர வருக்கத்துக்கு மட்டும் ஆறு இடம் கிடைத்திருக்கிறது: மா, மீ, மூ, மே, மை, மோ.

இந்த ஆறனுள் ‘மா’வுக்கு உள்ள பொருட்செல்வம் மற்றவற்றுக்கு இல்லை எனலாம். மா ஒரு மரம். மா என்றால் விலங்கு. சிறப்பாகக் குதிரையும் யானையும். மாநிலம், மாநகர் என்னும்போது அது பெருமையைக் குறிக்கிறது. பழைய நூல்களில் கருநிறத்தையும் குறிக்கும். அரிசியை இடித்தால் வருவதும் மா. பழந்தமிழ்க் கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. அதனால்தான் தஞ்சைத் தரணியில் இருபது மா நிலம் ஒரு வேலி ஆயிற்று. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று உழவர் இன்றும் வாய்க்கணக்காகச் சொல்லுவர். வடமொழியிலிருந்து வந்த மற்றொரு மா திருமகளைக் குறிக்கும்.

அகராதியில் அடுத்தடுத்துக் கிடப்பதால் இவை யாவும் ஒரு சொல் என்று எண்ணிவிடலாகாது. மாமரத்துக்கும் இருபதில் ஒன்றுக்கும் என்ன உறவு? ஒரே வகுப்பில் முருகன் என்னும் பெயருடையார் ஐவர் இருந்தால் அவர்களை உடன்பிறந்தார் என்போமா? பெயர் ஒன்று, ஆள் வேறு. ஒரு மொழிக்குள்ளேயே இந்நிலை என்றால், மொழிகள் பல தோளோடு தோள் உரசி வாழும் ஓர் ஊரில் இந்தச் சிறு சொல் என்ன பாடுபடும்? அதைக் காண்பதற்கு மட்டாஞ்சேரியைவிட நல்ல இடம் நமக்கு அருகில் இல்லை.

இடக்கொச்சியில் பஸ் ஏறிப் பள்ளுருத்தியையும் தோப்பும்படியையும் கடந்தால் மட்டாஞ்சேரி. போர்த்துகீசியர் 1555 அளவில் கட்டிக் கொடுத்து, டச்சுக்காரர் பின்னர்ப் பழுது பார்த்தமையால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் பெற்றுவிட்ட மாளிகை அங்கே இருக்கிறது. அதன் அண்டையில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம். சற்று நடந்தால் குஜராத்தித் தெரு. அங்கே சமணக் கோயில். கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணியரின் திருமலைக் கோயில் மற்றொரு பக்கம். கட்சிலிருந்து வந்த மேமன்கள், தக்காண உருது பேசுவோர், தெலுங்கு பேசுவோர் எல்லாரும் உண்டு. கோட்டைக் கொச்சிப் பக்கம் வெளி என்னும் இடத்தில் உள்ள ‘தோபி கானா’வுக்குச் சென்றால் துணி வெளுப்போர் தமிழிலே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். படைவீரர் உடைகளை வெளுக்க டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு.

இனி நம் ‘மா’வை இத்தெருக்களில் நடத்திச் செல்வோம்.

முதலில் மலையாளம். அதுவோ நம் மொழிக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் இடறி விழ அங்கேதான் இடம் மிகுதி. மலையாளத்தில் ‘மாவு’ என்றால் மாமரம். அரைத்த மாவும் ‘மாவு’தான். புதிதாக வந்த தமிழ் மாணவர், வீட்டுக்காரர் காலையில் ‘மாவு பூத்து’ என்று மகிழ்ச்சியோடு சொல்லக் கேட்டால், இட்லி மாவு பூசணம் பூத்துவிட்டது போலும், இதற்கா இத்தனை மகிழ்ச்சி என்று திகைக்கக் கூடும். கொல்லையில் மாமரம் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குஜராத்தித் தெருவில் மா என்றால் தாய். ஈற்றில் சற்றே மூக்கொலி சேர்த்துச் சொன்னால் அது நம் ‘இல்’ உருபாகிவிடும். ‘கர்’ என்பது வீடு, ‘கர்மா’ என்பது வீட்டில். இன்னும் ஒரு ‘மா’ குஜராத்தியின் பழைய வழக்கில் உண்டு. வினையோடு சேர்ந்து ‘செய்யாதே’ என்று தடுப்பது அது. இந்த மூன்றாவது ‘மா’ வடமொழியின் விலக்குச் சொல்லான ‘மா’வின் வழிவந்தது. கிரேக்க மொழியில் ‘மே’ என்று ஒலிக்கும் விலக்குச் சொல் இதற்கு உடன்பிறப்பு.

யூதத் தெருவுக்கு வந்தால் ‘மா’ ஒரு வினாச் சொல். எபிரேயத்தில் அதற்கு ‘என்ன’ என்று பொருள். பஸ்கா இரவு விருந்தில் வீட்டின் இளையவர் மூத்தோரை நோக்கி, இந்த இரவு மற்ற இரவுகளினின்று ஏன் வேறுபட்டது என்று கேட்பது அவர்கள் மரபு. அந்தக் கேள்வி ‘மா’ என்னும் சொல்லோடுதான் தொடங்குகிறது. 1950களில் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆடவர் இன்று அந்தத் தெருவில் இல்லை.

பள்ளிவாசலை அடுத்து அரபு ஓதும் சிறுவரைக் கேட்டால் அவர்களும் ‘மா’ என்றால் ‘என்ன’ என்பர். ‘எது’ என்றும் ‘இல்லை’ என்றும்கூட அதற்குப் பொருள் உண்டு. ‘மாஷா அல்லாஹ்’ என்று நம் ஊர்களிலும் கேட்கிறோமே, அதன் முதலில் நிற்பது இந்த ‘மா’தான், இறைவன் நாடியது எதுவோ அது என்பது தொடரின் கருத்து. ஈற்றில் தொண்டையைச் சிறிது அடைத்து நிறுத்தினால் அரபு ‘மா’ தண்ணீராகிவிடும். தெலுங்கரிடம் சென்றால் ‘மா’ என்பது ‘எங்கள்’. ‘மா ஊரு’ என்பது எங்கள் ஊர்.

போர்த்துகீசியரைக் கேட்டால்? அவர்கள் மொழியில் ‘மா’ என்பது ‘கெட்ட’ என்னும் சொல்லின் பெண்பால். குஜராத்தியர் தாயை அன்போடு அழைக்கும் சொல், கப்பலிலிருந்து இறங்கிய போர்த்துகீசியன் காதில் ‘கெட்டவள்’ என்றுதான் விழுந்திருக்கும்! சாவி, ஜன்னல், அலமாரி என்று பல பொருள்களுக்கு நமக்குப் பெயர் கொடுத்த மொழி அது. அது உள்ளூர்ப் பேச்சோடு கலந்து கொச்சியில் வேறொரு மொழியாகவே நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அம்மொழியைப் பேசியவருள் கடைசியானவராகக் கருதப்பட்ட முதியவர் வைப்பின் தீவில் 2010 ஆகஸ்டு மாதம் மறைந்தார்.

சீனரை மறந்துவிடலாகாது. கடற்கரையில் சீன வலைகள் நிற்கின்றன அல்லவா? பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹோ என்னும் சீனக் கடற்றலைவர் பெரும் கப்பற்படையோடு இக்கரைக்கு வந்தார். அவருடைய இயற்பெயர் மா ஹோ. அவரோடு மொழிபெயர்ப்பாளராக வந்த ஒருவர் கொச்சியைப் பற்றி ஒரு முழு இயல் எழுதி வைத்தார். அவர் பெயர் மா ஹுவான். இருவரும் முஸ்லிம் குடியினர். சீன முஸ்லிம்களிடையே ‘மா’ மிகப் பரவலான குடிப்பெயர். அந்தப் பெயரை எழுதும் எழுத்துக்குச் சீனத்தில் என்ன பொருள் தெரியுமா? குதிரை!

நம் தமிழிலும் மா குதிரை. சீனத்திலும் மா குதிரை. இந்த இடத்தில் யாருக்கும் நெஞ்சு ஒரு கணம் துள்ளும். அதற்கு முன்னே மா ஹுவானைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. கொச்சி மக்களை அவர் ஐந்து வகுப்பாகப் பிரித்து எழுதினார். செல்வ வணிகரை அவர் ‘செ-தி’ என்று குறித்தார். செட்டி என்பது அவர் காதில் அப்படி விழுந்தது. கடற்கரையில் மீன் பிடித்தும் சுமை தூக்கியும் வாழ்ந்த முக்குவரை ‘மு-குவா’ என்று எழுதினார். சீன எழுத்து ஒலியை மட்டும் காட்டுவதன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. அவர் தேர்ந்த இரண்டு எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் அது ஒரு பழத்தின் பெயர். பப்பாளி அமெரிக்காவிலிருந்து வந்த பிறகு அதற்கும் அப்பெயரே ஆயிற்று. ஒலி ஒன்றாக இருக்கிறது. ஆகவே முக்குவர்க்கும் பப்பாளிக்கும் பழைய தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் இன்று கட்டுரை எழுதினால் நாம் சிரிப்போம்.

ஆனால் இதே வகைக் கட்டுரையைத் தமிழின் பெயரால் ஒருவர் எழுதினால் நாம் சிரிப்பதில்லை, கைதட்டுகிறோம். இதைத்தான் நம் கழக நண்பர்களோடு பேச வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இப்போது நம் விடுதி அறைகளில் கொரிய நாடகங்கள் பார்க்காதவர் குறைவு. அவற்றில் தந்தையை ‘அப்பா’ என்றும் தாயை ஏறத்தாழ ‘ஓம்மா’ என்றும் அழைக்கக் கேட்கிறோம்; உடனே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். இது புதிய ஆசையும் அன்று. கொரியாவில் வாழ்ந்த ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டிலேயே ஓர் இலக்கணம் வெளியிட்டார். மொழிநூலார் அவ்வுறவை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை அறியாமலே ‘பகைமையால் மறைக்கிறார்கள்’ என்று பேசுவது எளிது. அறிந்து பேசுவது நமக்கு அழகு.

சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவு பார்த்த மாத்திரத்தில் விளங்குவதன்று என்பது தொல்காப்பியர் காட்டிய கருத்து. அவர் வழிவந்தோர் காரணம் தெரியாத பெயரை இடுகுறி என்றனர். மேல்நாட்டில் சொசூர் என்னும் அறிஞரின் சொற்பொழிவுகள் 1916இல் நூலாக வந்தபோது இக்கருத்தே மொழிநூலின் அடிக்கல் ஆயிற்று. ‘மா’ என்னும் ஒலியில் குதிரையும் இல்லை, தண்ணீரும் இல்லை, தாயும் இல்லை. அந்தந்த மக்கள் அந்தந்தப் பொருளை அதில் வைத்தார்கள்.

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு இது பிடிக்கும். ஒரு மொழியில் மெய்யொலி இருபதும் உயிரொலி ஐந்தும் இருந்தால், ஒரு மெய்யும் ஓர் உயிரும் கூடிய அசைகள் நூறுதான். நம் தமிழில் 18 மெய்யும் 12 உயிரும் பெருகி 216 உயிர்மெய். உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. மகரமும் அகரமும் இல்லாத மொழி மிக அரிது. வாயை மூடித் திறந்தாலே பிறக்கும் ஒலிகள் அல்லவா அவை! ஆகவே ‘மா’ என்னும் சொல் எம்மொழியிலும் இருக்கும். நம் மொழியில் அதற்கு ஏழெட்டுப் பொருள். அயல்மொழியிலும் மூன்று நான்கு. இத்தனை மொழிகளில் எங்கேனும் ஒரு பொருள் நம் பொருளோடு ஒத்துப் போகாவிட்டால்தான் வியக்க வேண்டும்.

இன்னொன்று உண்டு. இன்று குறுகி நிற்கும் சொற்கள் பல, பிறந்தபோதே குறுகியவை அல்ல. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசுகள் அவை. தேய்ந்தபின் எல்லாக் காசும் ஒன்றுபோல் வழவழப்பாகத் தோன்றும். சீனக் குதிரையையே எடுத்துக்கொள்வோம். பழஞ்சீன ஒலிப்பை ஆராய்ந்தோர், அச்சொல்லில் மகரத்துக்குப் பின் ஒரு ரகரம் இருந்தது என்று கண்டிருக்கிறார்கள். ‘ம்ரா’ என்பது போன்ற ஒலி. சீனத்துக்கு உறவான பர்மிய மொழியில் குதிரைக்குரிய சொல்லை இன்று ‘ம்யின்’ என்று ஒலித்தாலும் எழுதும்போது ‘ம்ரங்’ என்றே எழுதுகிறார்கள். ரகரம் அங்கே எழுத்தில் உறைந்து கிடக்கிறது. நம் ‘மா’விலோ ரகரம் இருந்ததற்கு அடையாளமே இல்லை, அதற்கு முதற்பொருளும் குதிரையன்று, விலங்கு. தொல்காப்பிய மரபியல் அதை ஐயறிவு உயிர்களுக்குப் பெயராக ஆளுகிறது. ஆக, பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டு சொற்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. உறவுச் சொற்களாக இருந்தால் பின்னே செல்லச் செல்ல நெருங்க வேண்டும்.

கொரிய நாடகம் பார்ப்போர் ‘ஹஜி மா’ என்னும் தொடரை நூறு முறை கேட்டிருப்பர். ‘செய்யாதே’ என்பது பொருள். வடமொழியில் மா ‘செய்யாதே’; கொரியத்திலும் மா ‘செய்யாதே’! இதைப் பிடித்துக்கொண்டு வடமொழிப் பற்றாளர் ஒருவர் கொரியம் வடமொழியின் மகள் என்று சொன்னால் நம்மவர் ஏற்பாரா? ஏற்கமாட்டார். அந்த மறுப்புச் சரிதான். கொரிய ‘மா’ என்பது ‘மல்’ என்னும் வினையடி ஈறு தேய்ந்து நிற்கும் வடிவம். பிரெஞ்சு மொழியில் ‘மா’ என்றால் ‘என்’, தெலுங்கில் ‘எங்கள்’. இதுவும் காண இனிய பொருத்தமே. ஆனால் பிரெஞ்சுச் சொல் இலத்தீன் ‘மெயா’ தேய்ந்தது; தெலுங்குச் சொல்லோ நம் ‘எம்’ என்னும் அடியோடு அகரம் சேர்ந்து, முதலுயிர் இடம்பெயர்ந்து உண்டானது. நம் ‘எம்’மும் தெலுங்கு ‘மா’வும் ஒருதாய் மக்கள், பார்த்தால் தெரியாது. தெலுங்கு ‘மா’வும் பிரெஞ்சு ‘மா’வும் அயலார், பார்த்தால் இரட்டையர்!

அப்பா, அம்மா மட்டும் என்ன என்று கேட்பீர்கள். அவை தனிக் கதை. தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்களாக உலக மொழிகள் பலவற்றிலிருந்தும் மர்டாக் என்னும் அறிஞர் திரட்டிய 1,072 சொற்களை வைத்து, ரோமன் யாக்கப்சன் 1960இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காட்டில் மூக்கொலி இருந்தது. தந்தையைக் குறிப்பனவற்றில் 15 விழுக்காட்டில்தான். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது. அப்போது அது எழுப்பக்கூடிய ஒலி மூக்கின் வழியே வரும் முனகல் ஒன்றே. பின்னர்ப் பால் வேண்டும்போதும், பால் தருபவளைக் காணும்போதும் அதே ஒலியை எழுப்புகிறது. பெற்றோர் அதைப் பெயராக ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழ்க் குழந்தையும் கொரியக் குழந்தையும் ஒரே மாதிரிதான் பால் குடிக்கின்றன. ஆயினும் எந்த ஒலியை யாருக்கு உரிமையாக்குவது என்பது அங்கும் ஊராரின் விருப்பம்தான். காக்கேசிய மலைநாட்டு ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை. தாய்க்குப் பெயர் ‘தேதா’. நம் வீட்டில் மாமா யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் மொழிகளின் உறவை எதைக் கொண்டு அறிவது? ஒரு சொல்லைக் கொண்டு அன்று. ஒலிகள் வரிசையாக மாறும் முறையைக் கொண்டு. இதற்கு நூலகம் போக வேண்டா. மட்டாஞ்சேரிக் காய்கறிக் கடையே போதும். நாம் மாங்காய் என்பதை அவர்கள் ‘மாங்ங’ என்கிறார்கள். தேங்காய் ‘தேங்ங’. நீங்கள் என்பது ‘நிங்ஙள்’. நம் ‘ங்க’ வரும் இடத்தில் அவர்களிடம் ‘ங்ங’. அடுத்த கடையில் மஞ்சள் ‘மஞ்ஞள்’, கஞ்சி ‘கஞ்ஞி’. நம் ‘ஞ்ச’ அங்கே ‘ஞ்ஞ’. வந்து என்பது ‘வன்னு’ ஆகிறது. மூன்று இடத்திலும் ஒரே செயல்தான் நடந்திருக்கிறது: மூக்கொலி தன்னை அடுத்து நின்ற வல்லொலியைத் தன்மயமாக்கிக்கொண்டது. கன்னடத்தில் வேறொரு முறை: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’. இப்படி வரிசை வரிசையாகப் பகரம் ஹகரமாவது தற்செயலாக நிகழ இயலாது. யூதத் தெருவின் எபிரேயமும் பள்ளிவாசலின் அரபும் இவ்வாறே உறவு உடையன: அங்கே ‘ஷாலோம்’, இங்கே ‘சலாம்’, நாவுக்கு அங்கே ‘லாஷோன்’, இங்கே ‘லிசான்’, தலைக்கு அங்கே ‘ரோஷ்’, இங்கே ‘ரஃஸ்’. ஷகரத்துக்குச் சகரம் தவறாமல் வருகிறது. ஆகவே அவ்விரு மொழிகளிலும் ‘மா’ வினாவாக இருப்பது உறவால் வந்தது என்று நாம் துணிந்து சொல்லலாம். குஜராத்தி ‘மா’வை அதனோடு சேர்க்க இயலாது.

தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டியதும், 1856இல் கால்டுவெல் விரிவாக நிறுவியதும் இத்தகைய முறையால்தான். அன்று அவர்கள் ‘மா’வையும் ‘மா’வையும் பக்கத்தில் வைத்துக் கைதட்டல் வாங்கியிருந்தால், தமிழின் தனித்தன்மையை உலகம் ஏற்றிருக்காது. நமக்கு வெற்றி தேடித் தந்த அளவுகோலை, நமக்கு இனிக்காத முடிவைத் தரும்போது மட்டும் தூக்கி எறிவது எப்படி நேர்மையாகும்? உண்மையான பொன் கையில் இருக்கும்போது கள்ளக்காசு எதற்கு?

அந்தப் பொன்னிலும் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். அதுவும் ‘மா’தான். இது மரம்.

வர்த்தேமா என்னும் இத்தாலியர் தம் பயணநூலை 1510இல் உரோமையில் அச்சிட்டார். கோழிக்கோட்டில் கண்ட ஒரு கனியைப் பற்றி எழுதும்போது, கனியின் பெயர் ‘அம்பா’ என்றும் அதன் மரத்தின் பெயர் ‘மங்கா’ என்றும் குறித்தார். வடபுலத்து வணிகர் வாயில் ஒரு பெயரும், உள்நாட்டார் வாயில் ஒரு பெயரும் அவர் கேட்டிருக்க வேண்டும். இன்றும் மட்டாஞ்சேரிக் கொங்கணியர்க்கு மாங்கனி ‘ஆம்போ’, மலையாளிக்கு ‘மாங்ங’. போர்த்துகீசியர் பின்னதை எடுத்துக்கொண்டு ‘மாங்கா’ என்றனர். அவர்கள் மொழியில் சட்டைக் கைக்கும் ‘மாங்கா’ என்றே பெயர் இருந்தது. அது இலத்தீன் வழி வந்த வேறு சொல். ஆகவே இன்றும் லிஸ்பன் நகரில் பழக்கடையிலும் தையற்கடையிலும் ஒரே சொல் வழங்குகிறது. ஜப்பானியச் சித்திரக்கதைக்குரிய ‘மாங்கா’ மூன்றாவது. அதற்கும் இவ்விரண்டுக்கும் உறவு இல்லை என்று சொல்ல வேண்டியதே இல்லை. போர்த்துகீசியத்திலிருந்து ஆங்கிலம் ‘மேங்கோ’ என்று எடுத்தது.

இங்கே ஒலி ஒப்புமை மட்டுமா சான்று? இல்லை. கனி இந்நாட்டுக் கனி; சொல்லைக் கொண்டு சென்றவர் இன்னார்; சென்ற காலம் இது; சென்ற வழி இது; அச்சிட்ட நூல் இது. கடன்சொல் என்று நிலைநாட்ட வேண்டுவன எல்லாம் இருக்கின்றன. அதற்கும் மேலே ஒரு சான்று கொச்சியிலேயே பிறந்தது. டச்சு ஆட்சித்தலைவர் வான் ரீட் இங்கிருந்தபடி மலையாள நாட்டு மரஞ்செடி கொடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அதற்கு அறிவு வழங்கினர். அந்த மூவரின் சான்றுரை கொங்கணியிலேயே அச்சாகியிருக்கிறது. அந்நூலின் நான்காம் தொகுதி மாமரத்தோடு தொடங்குகிறது. உள்ளூரார் சொன்ன ‘மாவு’ என்னும் பெயரைத்தான் தலைப்பிலே பொறித்தார்கள். 1753இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயரிட்டபோது, இந்த ஏட்டைச் சுட்டிக்காட்டி மாமரத்துக்கு ‘மாங்கிஃபெரா இண்டிகா’ என்று பெயர் வைத்தார். ‘மாங்கா தருவது’ என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். உலகின் எந்த நாட்டுத் தாவரநூல் மாணவரும் மாமரத்தின் பெயரை எழுதும்போது நம் ஓரெழுத்தை எழுதுகிறார். மாங்காயின் காயில் முதலெழுத்தும் உடன் செல்கிறது.

மா ஹுவானின் நாட்டுக்கும் அந்தச் சொல் அயல்மொழிகளின் வழியே போய்ச் சேர்ந்தது. சீனர் அதை ‘மாங்-குவோ’ என்று ஒலிக்கிறார்கள். அவர்கள் எழுத்தில் ஒலியோடு பொருளும் வரும் என்று முன்னே கண்டோம் அல்லவா? ‘குவோ’ என்னும் பின்பாதிக்கு, ஒலியும் பொருந்தப் பொருளும் பொருந்த ஓர் எழுத்தைத் தேடி வைத்திருக்கிறார்கள். கனி என்பது அவ்வெழுத்தின் பொருள். நாம் ‘காய்’ என்று சேர்த்த அதே இடத்தில், நாம் சேர்த்தது ஏதென்று அறியாமலே, அவர்களும் ஒரு கனியைச் சேர்த்திருக்கிறார்கள்.